எட்டு நாள் மூடிய கிணறு

நேரியோ சிரினோஸ் காலையில் எழுந்ததும் முதலில் போய் நிற்கிற இடம் இருநூற்றுப் பதினேழாம் கிணறு. அங்கே போய் அதன் குழாயைத் தொட்டுப் பார்ப்பான். மேலே தொடமாட்டான். விரல்களை மடக்கி அடிப்பக்கமாகக் கொண்டுபோய்த்தான் தொடுவான். ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் லகுனீயாஸில் வெயில் ஏறிவிட்டால் எந்த இரும்பும் சுடும், செத்த குழாயும் சுடும். அடிப்பக்கம் மட்டும் பொய் சொல்லாது. உள்ளே எண்ணெய் ஓடினால் அங்கே வெதுவெதுவென்று இருக்கும். இருந்தால் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நடப்பான். இருபது வயதில் கிணறுகளைச் சுற்றிப் புல் வெட்டுகிறவனாகச் சேர்ந்து, கிணறு பார்க்கிறவனாக உயர்ந்து, முப்பத்தொரு வருஷம் இந்த வேலையில் இருந்தான்.

எண்ணெய்க் கிணறு என்றால் ஆகாயத்துக்குப் பீச்சியடிக்கும் என்று நினைக்கிறவர்கள் 217-ஐப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். சரியான நோஞ்சான். ஒரு நாளைக்கு நாற்பது பீப்பாய் கொடுத்தால் பெரிய விஷயம். அதிலும் பாதி தண்ணீர், மிச்சத்தில் மணல். மேலே நின்று கழுதை இழுத்தால்தான் வரும். கழுதை என்றால் நாலுகால் கழுதை இல்லை, தலையாட்டிக்கொண்டே இறைக்கிற அந்த இரும்பு இயந்திரத்துக்கு இங்கே வேறு பெயர் கிடையாது. நேரியோவின் பொறுப்பில் பதினொரு கிணறுகள் இருந்தன. அவற்றில் உதவாக்கரை இதுதான். அவன் உயிரை வைத்திருந்ததும் இதன்மேல்தான். எண்ணெய்க்காக இல்லை, எண்ணெயோடு கூடவே வந்த வாயுவுக்காக.

எங்கள் ஒன்பதாம் சந்தைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. முப்பத்திரண்டு வீடுகள். அறுபது எழுபது வருஷம் அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மண் என்ன செய்யும்? இறங்கும். இறங்கி இறங்கி, ஏரி மேலே, தெரு கீழே என்று ஆகிவிட்டது. நடுவில் ஒரு கரை. அதன்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் படகு, இன்னொரு பக்கம் அதைவிடப் பள்ளத்தில் எங்கள் கூரைகள். ‘உங்களை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறோம்’ என்று கம்பெனி ஆட்கள் வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்பு மையால் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எழுதிய பையன்களுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கதவுக்கு வண்ணம் அடிக்கும்போது அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கிற வழக்கம் எங்களுக்கு இன்னமும் உண்டு. நாளைக்கே வந்து கேட்டால் என்ன காட்டுவது?

காலி செய்யப்போகிற தெருவுக்கு எவன் எரிவாயுக் குழாய் போடுவான்? போடவில்லை. நாட்டுக்கே சோறு போடுகிற எண்ணெய் காலடியில் ஓட, எங்கள் பெண்கள் விறகை ஊதிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தொன்றில் நேரியோ ஒரு காரியம் செய்தான். 217-இன் கழுத்திலிருந்து வீணாகக் காற்றில் போய்க்கொண்டிருந்த வாயுவை, குப்பையில் கிடந்த குழாய்களைப் பொறுக்கிப் பொருத்தி, தெருவுக்குள் திருப்பிவிட்டான். திருட்டுத்தான், இல்லை என்று யார் சொன்னது? குழாயில் தேங்குகிற தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டார் முறைவைத்து வடிக்கவேண்டும். முறை தவறினவன் தெருவுக்கே பீர் வாங்கித் தரவேண்டும். கம்பெனிக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் சோதிக்க வருகிற ஒவ்வொருவரும் எடிக்தாவின் கையால் நாலு மந்தோக்கா தின்றுவிட்டுத்தான் போவார்கள். தின்ற வாய் என்ன புகார் எழுதும்?

எடிக்தா நேரியோவின் மனைவி. சோளமாவும் பழுத்த வாழைக்காயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்து, வளையமாகப் பொரித்து, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் விற்பாள். கைக்கு இருக்கிற பக்குவம் வாய்க்குக் கிடையாது. அவள் அடுப்பு எண்பத்தொன்றில் பற்றவைத்தது. அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. தெருவில் யாருமே அணைப்பதில்லை. தீக்குச்சிக்குத்தான் காசு, நெருப்பு சும்மா. வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் சட்டியில்லாமல் எரிகிற அடுப்பைப் பார்த்துப் பதறிப்போய்த் திருகப் போவார்கள். ‘ஐயோ, கையை எடு, அது பாட்டுக்கு எரியட்டும்’ என்று தெருவே கத்தும். அப்படிப் பதினேழு வருஷம் ராஜபோகமாக வாழ்ந்தோம்.

தொண்ணூற்றெட்டு மார்ச் மாதக் கடைசியில் இன்ஜினியர் பிராச்சோ ஒரு தாளோடு வந்தார். சின்ன வயசு. நல்ல மனுஷன்தான், ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று பேசுவார்.

“நேரியோ, உன் பதினொண்ணுல ஆறு கிணத்தை மூடணும்.”

“எதுக்கு சார்? எல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“நல்லா ஓடுறதுதான் கஷ்டம். உலகம் பூரா எண்ணெய் வழியுது, வாங்க ஆளைக் காணோம். ஓபெக் நாடெல்லாம் ஒண்ணு கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் குறைக்கிறதுன்னு கையெழுத்துப் போட்டாச்சு. நம்ம பங்கு இவ்வளவு. அது இறங்கி இறங்கி உன் தலையில வந்து ஆறு கிணறு.”

ஓபெக் என்றால் எங்களுக்குப் புதிதில்லை. எண்ணெய் விற்கிற நாடுகள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம். அதைத் தொடங்கியவர்களில் நாங்களும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொடுப்பார்கள். கணக்கு ரொம்ப எளிது. எல்லோரும் கொஞ்சம் குறைத்து இறைத்தால் விலை ஏறும். ஒருவன் மட்டும் கள்ளத்தனமாக இறைத்தால் ஏறின விலையில் அவன் கொழிப்பான், மற்றவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். எல்லோருமே கள்ளத்தனம் பண்ணினால் விலையும் ஏறாது, மண்ணும் ஏறாது. குழந்தைக்கும் புரிகிற கணக்கு. புரிந்து என்ன பண்ண?

நேரியோ தாளை வாங்கிப் பார்த்தான். முதல் வரியிலேயே 217.

“சார், மத்த அஞ்சை மூடிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல. இது மணல் கிணறு. ஓடிக்கிட்டே இருந்தா மணல் எண்ணெயோட வெளிய வந்துடும். நிறுத்தினா அப்படியே அடியில உக்காந்து இறுகிடும். அப்புறம் சீனீத்தா மாதாவே இறங்கி வந்தாலும் தூக்க முடியாது.”

“மூணே மாசம்தான்யா. விலை ஏறினதும் திறந்துடலாம்.”

“மணலுக்கு மூணு மாசம்னா என்னன்னு தெரியுமா சார்?”

பிராச்சோ கழுதையைப் பார்த்தார், குழாய் போகிற தெருவைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். மோட்டார் பெட்டிக்கு ஈய சீல் வைத்தார். வைக்கும்போதே, சீலைத் தொடாமல் திறக்கிறமாதிரி, பெட்டிக் கதவின் கீலைத் தளர்வாக விட்டார்.

“பாரு நேரியோ. மத்தியானம் பன்னிரண்டிலேருந்து ஒரு மணி வரைக்கும் நான் சாப்பிடப் போவேன். அப்போ எந்தப் பக்கமும் பார்க்கமாட்டேன். எனக்கும் பசிக்கும்ல.”

அவ்வளவுதான். ஏப்ரல் ஒன்றாம் தேதி 217 மூடப்பட்டதாகத் தாளில் ஏறியது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கீலைக் கழற்றி, மோட்டாரைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி கீலை மாட்டினான் நேரியோ. மணல் உட்காராமல் இருக்க அது போதும். வாயுவும் அடுத்த மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தது. அடுப்பு கொஞ்சம் அடங்கி எரிந்தது, ஆனால் எரிந்தது. “கம்பெனியையே கையில் வச்சிருக்கான் எங்க நேரியோ” என்று தெரு மெச்சியது. அவனும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

விலை ஏறவில்லை. பதினான்கு டாலரில் இருந்தது பதின்மூன்றாகி, பன்னிரண்டாகி இறங்கியது. ஜூனில் மறுபடியும் கூடினார்கள், மறுபடியும் குறைத்தார்கள், அதற்கும் அசையவில்லை. பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் சம்பளம் நின்றது. ஆஸ்பத்திரியில் பஞ்சுகூட வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். கம்பெனியில் ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. தினமும் சாயங்காலம் டிவியைப் பார்த்துக் காறித் துப்புவதே நேரியோவின் வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள், கோட்டு போட்ட ஆசாமி ஒருவர் டிவியில் வந்து, உறுப்பு நாடுகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, மறைவாக எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது, அடுத்த வாரம் எல்லா நாட்டுக் கணக்கையும் எடுக்கப்போகிறார்கள் என்றார்.

நேரியோ எழுந்தே விட்டான். “கேட்டியா எடிக்தா? பொறுக்கிப் பசங்க! எங்கயோ பாலைவனத்துல ஒருத்தன் திருட்டுத்தனமா வால்வைத் திறந்து வச்சிருக்கான். அவன் வயித்துக்கு நாம பட்டினி கிடக்கணுமா? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

எடிக்தா பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். “நீ மூடினியா?”

அவ்வளவுதான் கேட்டாள். குத்திக்காட்ட வேண்டும் என்றுகூட இல்லை. வாய் சும்மா இருக்காத பழக்கம். நேரியோ உட்கார்ந்துவிட்டான். எட்டி டிவியை அணைத்தான்.

மறுநாள் சாயங்காலம் மதுக்கடையில் ஓவிடியோவைப் பிடித்தான். ஓவிடியோ எண்ணெய் சேர்கிற ஸ்டேஷனில் தொட்டி பார்க்கிறவன், பக்கத்தில் மூடின கிணறு ஒன்றும் அவன் பொறுப்பு. நேரியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன், ஆகவே ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொம்பாத்ரே, உண்மையைச் சொல்லு. மூடின கிணத்திலேருந்து உன் தொட்டிக்கு எண்ணெய் வருதா?”

ஓவிடியோவுக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. “வருதாவா? மத்தியானம் பன்னிரண்டு அடிச்சா தொட்டி கர்ப்பிணி மாதிரி ஏறுது. உன்னை மாதிரி இன்னும் பதினாலு பேரு, என்னையும் சேத்து, இருக்கோம்டா இந்த ஸ்டேஷன்ல மட்டும். ஒருத்தனுக்கு வாயு, ஒருத்தனுக்கு மணல், ஒருத்தன் மூடினா வேலை போயிடும்னு பயம். ஆளுக்கு ஒரு நியாயம்.”

“அப்போ விலை எப்படிய்யா ஏறும்?”

“அதை ஏன் எங்கிட்ட கேக்குற? நான் என்ன சவூதி ராஜாவா?”

நேரியோ சிரிக்கவில்லை. பதினாலு பேரையும் அந்த வெள்ளிக்கிழமை அதே மதுக்கடைக்கு வரச்சொன்னான். வந்தார்கள். பீர் வாங்கித் தருகிறேன் என்றால் லகுனீயாஸில் யார் வரமாட்டார்கள்? அவன் மேடைப்பேச்சுக்காரன் இல்லை. திக்கித் திக்கிச் சொன்னான்.

“அடுத்த வாரம் கணக்கு எடுக்கிறாங்களாம். அந்த ஒரு வாரமாவது நிசமா மூடுவோம். நம்ம கணக்காவது சுத்தமா இருக்கட்டும். நாம மூடினோம்னு தெரிஞ்சா மத்தவனும் மூடுவான். விலை ரெண்டு டாலர் ஏறட்டும், கிணறு எல்லாத்தையும் அவங்களே வந்து திறப்பாங்க. ஒரு வாரம்தானேய்யா. மணல் ஒரு வாரம் பொறுக்கும்.”

கொஞ்ச நேரம் ஆளாளுக்குக் கசமுசா. அப்புறம் ஓவிடியோ எழுந்து, “சரிடா, சீனீத்தா மேல ஆணை” என்று கையை நீட்டினான். அதன்மேல் ஒருவன் கை, அதன்மேல் இன்னொருவன் கை. பதினைந்து கைகள். டிவியில் மந்திரிகள் போட்டோவுக்கு நிற்பார்களே, அதைப்போலவே நின்று, கடைக்காரனை விட்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ இன்னும் அந்தக் கடைச் சுவரில் இருக்கிறது. நேரியோவைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளைபோல இருப்பான்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணி. நேரியோ 217-க்குப் பக்கத்தில் ஒரு மரநிழலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கீலைத் தொடவில்லை. கழுதை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வெயிலில் ஈகூடப் பறக்கவில்லை. அப்போது மேற்கே எங்கோ ஒரு கழுதை ‘க்ரீச்’ என்றது. அப்புறம் கரைப்பக்கம் ஒன்று. அப்புறம் இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் குரலும் அவனுக்குத் தெரியும். எந்தெந்தக் கை வெள்ளிக்கிழமை தன் கையோடு சேர்ந்ததோ அந்தந்தக் கை இப்போது மோட்டாரைப் போட்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் தெரிந்தது. எண்ணிப் பார்த்தான். பதினாலு.

இந்த இடத்தில் எழுந்துபோய்த் தன் மோட்டாரையும் போட்டிருக்க வேண்டும் அந்த மனுஷன். ஊரே அப்படித்தானே. எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. ‘ஒருத்தனாவது மூடினான் என்று இருக்கட்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செவ்வாயும் உட்கார்ந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவில் அடுப்புகள் மஞ்சளாக எரிய ஆரம்பித்தன. புதன்கிழமை விடியும்போது எடிக்தாவின் அடுப்பு ‘பொக்’ என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. பதினேழு வருஷத்தில் முதல் தடவை. அவள் குழாயில் தண்ணீர் அடைத்திருக்கும் என்று முறைக்காரனைத் திட்டிக்கொண்டே போய் வடித்துப் பார்த்தாள். தண்ணீரே வரவில்லை. வீட்டுக்கு வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“என்னய்யா பண்ணின?”

“மூடிட்டேன்.”

“எதை?”

“அதைத்தான். ஒரு வாரத்துக்கு. கணக்கு எடுக்கிறாங்க.”

“பைத்தியமா உனக்கு? நீ ஒருத்தன் மூடினா விலை ஏறிடுமா?”

“ஒவ்வொருத்தனும் இப்படியே நினைச்சா எப்படி ஏறும்?”

“ஒவ்வொருத்தனும் இப்படித்தான்யா நினைக்கிறான்! அதான் அவனவன் வீட்டுல அடுப்பு எரியுது!” என்று அலறினாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “நான் சும்மா கேட்டேன்யா அன்னைக்கு. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அதுக்குப் போயி...”

தெருவுக்கு அவன் உண்மையைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கம்பெனி ஏதோ பண்ணிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெண்கள் பழைய விறகடுப்பைத் தேடி எடுத்தார்கள். நாலாம் வீட்டுக் கிழவர் மண்ணெண்ணெய் வாங்கப் போய், வரிசையில் மயங்கி விழுந்து, தலையில் நாலு தையல். சனிக்கிழமை, வழக்கம்போல முறைக்காரன் வந்து வறண்ட குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நேரியோ மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே நேரமாயிற்று. திங்கட்கிழமை எட்டாம் நாள். அன்று மத்தியானம் கணக்கு எடுக்கிற வாரம் முடிந்ததென்று அவனுக்கு அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கீலைக் கழற்றி மோட்டாரைப் போட்டான்.

மோட்டார் உறுமியது. பெல்ட் அலறியது. கழுதை தலையை ஒரு சாண் தூக்கியது, அங்கேயே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். ஒரு சாண். பெல்ட் கருகுகிற நாற்றம் வந்தது. கிணற்றுக்குள் டீசல் ஊற்றிப் பார்த்தான். சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தான். மூன்று நாள் பிராச்சோவின் சோற்று நேரமெல்லாம் ஊற்றினான். குழாயின் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கிணற்றுக்கு அடியில் மணல் அவனைவிடப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

கடைசியில் பிராச்சோவிடமே போய் நின்றான்.

“சார், 217 மணல் பிடிச்சுக்கிச்சு. ரிக் வண்டி அனுப்பி ஒரு தடவை கழுவி விடுங்க. ரெண்டு நாள் வேலை. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

பிராச்சோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “மூடின கிணத்துக்கு ரிக்கா? ஏப்ரல்லேருந்து அது மூடிக் கிடக்குன்னு என் கையெழுத்து இருக்கு. ஆகஸ்ட்ல கெட்டுப்போச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்? ஓடாத கிணறு எப்படிக் கெட்டுப்போகும்னு கேப்பாங்களே?”

“ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“எனக்கு என்னய்யா தெரியும்? நான் சாப்பிடப் போயிருந்தேன்.” அப்புறம் அவரே சங்கடப்பட்டுச் சத்தத்தைக் குறைத்தார். “எதுக்கு நிறுத்தின? உன்னை யாரு நிறுத்தச் சொன்னது?”

தாளில் அவர்தான் சொல்லியிருந்தார். அதை நேரியோ சொல்லிக்காட்டவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வாரம் விலை பன்னிரண்டிலேயே நின்றது. டிசம்பரில் பத்துக்கு வந்தது. பதினாலு கழுதைகளும் மத்தியானம்தோறும் தலையாட்டிக்கொண்டிருந்தன. அடுத்த மார்ச்சில் மந்திரிகள் மூன்றாம் தடவை கூடினார்கள். எந்தப் புண்ணியவான் என்ன மிரட்டினானோ, இந்தத் தடவை எல்லா நாடும் நிஜமாகவே குறைத்தது. மோட்டார்களையே கழற்றி லாரியில் ஏற்றினார்கள். விலை ஏறத் தொடங்கியது. மூடின கிணறுகளை எண்ணிப் பார்த்து, கிணறு பார்க்கிறவர்கள் இவ்வளவு பேர் எதற்கு என்று கம்பெனி கேட்டது. முதல் பட்டியலிலேயே நேரியோ பெயர். ஓவிடியோ அழுதுகொண்டு வந்தான். “அன்னைக்கு நான் நிறுத்தத்தான் இருந்தேன் கொம்பாத்ரே, அடுத்த கிணத்துக்காரன் நிறுத்தட்டும்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.” நேரியோ அவனுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பினான்.

தெரு பாதி காலியாயிற்று. வேறு இடம் கொடுத்து இல்லை, விறகு சுமக்க முடியாமல் தாங்களே போய்விட்டார்கள். எடிக்தா சிலிண்டர் வாங்கிப் பொரித்துப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. வாசல் வியாபாரம் நின்றது. சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்றாயிற்று. அதையும் கரைக்கு அந்தப்புறமிருந்து நேரியோ தோளில் வைத்துச் சுமந்து வருவான். வருகிற வழி அவனே போட்ட குழாயின் ஓரமாகத்தான்.

இரண்டாயிரம் செப்டம்பரில் ஓபெக் நாடுகளின் பெரிய மாநாடு எங்கள் தலைநகர் காரகாஸில் நடந்தது. பீப்பாய் முப்பது டாலரைத் தாண்டியிருந்த நேரம். எங்கும் கொடி. எங்கள் கரையையும் கிணறுகளையும் பார்க்க சில வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று, சாலையோரம் இருந்ததால், 217-இன் செத்த கழுதைக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். பழைய ஆள் ஒருவன் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்று நேரியோவுக்கு ஒரு நாள் கூலியும் புதுச் சட்டையும் தலைக்கவசமும் கொடுத்து நிற்கவைத்தார்கள்.

வந்தவர்களில் கோட்டு போடாத ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, பருத்த கை. எந்த நாடு என்று மொழிபெயர்க்க வந்த பெண் சொன்னாள், நேரியோவுக்கு மறந்துவிட்டது. மற்றவர்கள் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் நேராக 217-இடம் வந்தார். விரல்களை மடக்கி, குழாயின் அடிப்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்த் தொட்டார். நேரியோ ஓரடி முன்னால் வந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதை அப்படித் தொடுகிற ஒரு கையைப் பார்க்கிறான்.

“செத்துப்போச்சே. எப்போ?” என்று அந்தப் பெண் வழியாகக் கேட்டார்.

“தொண்ணூத்தெட்டு ஆகஸ்ட். மணல்.”

“தொண்ணூத்தெட்டா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அந்த வருஷம் நாங்களும் மூடினோமே!” என்று சொல்லி, கையைக் கழுதைபோல மேலும் கீழும் ஆட்டிக் கண்ணடித்தார். “எங்கிட்டயும் இதே மாதிரி ஒரு நோஞ்சான் இருந்துச்சு. மேலதிகாரி சாப்பிடப் போற நேரத்துல தினமும் ஒரு மணி நேரம் ஓட்டிடுவேன். இன்னைக்கும் ஓடுது. நீங்க எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?”

எவன் தன் கையில் கிடைக்கவேண்டும் என்று நேரியோ இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தானோ, அவன் இதோ நிற்கிறான். நல்ல முகம். பேரன் பேத்தி எடுத்த முகம்.

“நான் மூடிட்டேன்” என்றான் நேரியோ.

“மூடினீங்க, சரி. எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?”

“ஓட்டவே இல்ல. எட்டு நாள். முழுசா மூடினேன். சொன்னபடி.”

பெண் மொழிபெயர்த்தாள். அவர் நேரியோவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, நேரியோவைக் காட்டி என்னவோ சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். பின்னால் நின்ற எங்கள் கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள். அவர் நேரியோவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இப்படி ஒரு தமாஷ்காரரை இந்தப் பயணத்திலேயே பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார். தன் பையிலிருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் எடிக்தா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாருய்யா குடுத்தது?”

“நான் திட்டிக்கிட்டே இருப்பேனே, அவன்.”

“அவனை என்ன பண்ணின? ரெண்டு வச்சியா?”

“இல்ல. அவன் கேட்டான், சொன்னேன். மூடிட்டேன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“சிரிச்சான். எல்லாருமே சிரிச்சாங்க. தமாஷ் பண்றேன்னு நினைச்சுக்கிட்டாங்க.”

எடிக்தா எழுந்து அடுப்புப் பக்கம் போனாள்.  சிலிண்டரைக் காலால் அசைத்துப் பார்த்தாள், கனமே இல்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்து அவனுக்குக் காப்பி வைத்தாள். கொதித்ததும் அடுப்பை அணைத்தாள்.